பாய்மாதா வீட்டு ஸ்ரெல்லா

எங்கள் பங்கு மண்டபத்தின் திறப்பு விழா மலருக்கு என்னுடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழு வந்து கேட்டது. மண்டபத்துக்குக் கூரை போட்டவன் நான். கேட்பார்கள்தானே. நான் மறுத்துவிட்டேன். என்னைப் பற்றி எழுதத் தொடங்கினால் மலர் முழுவதும் எனக்கே போய்விடும், பாதரின் ஆசிச் செய்திக்குக்கூட இடம் இராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆருடைய வள்ளத்திலோ கூலிக்கு ஏறியவன், இன்று குருநகரில் ஐஸ் கொம்பனி, கரையில் மீன் வாடி, ஆழத்துக்குப் போகிற போட்டுகள், பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் ஆட்கள் வாடகைக்கு இருக்கிற மாடி வீடு என்று எல்லாவற்றையும் இந்தக் கையால் தேடியவன். கனிசியஸ் சம்மாட்டி என்றால் பாசையூர் வரைக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை அச்சடித்து என்ன?

ஆகவே ஸ்ரெல்லாவைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி ஒருவரும் எழுதப்போவதில்லை.

ஸ்ரெல்லா என் சிநேகிதன் ஜெறோமின் மனைவி. ஜெறோம் போய்விட்டான். கடலில் அல்ல, ஆஸ்பத்திரியில், சீனி வருத்தத்தில். பிள்ளைகள் இல்லை. எழுபதைத் தொடுகிற வயதிலும் காலையில் என் வாடிக்கு வந்து இறாலைத் தரம் பிரித்துத் தெரிந்து கொடுக்கிறாள். கை வேகம். வாயும் வேகம். என்னை எதிர்த்துக் கதைக்கிற ஆட்கள் குருநகரில் குறைவு, அவர்களில் அவள் ஒருத்தி.

அவளுடைய வீட்டைப் பாய்மாதா வீடு என்பார்கள். உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. ஜெறோமின் பரம்பரைச் சொத்து. ஒல்லாந்தர் காலத்தில் வந்தது என்பான் ஒருவன், உடைந்த கப்பலில் எடுத்தது என்பான் இன்னொருவன். இரண்டு பேரும் அப்போது பிறந்திருக்கவில்லை. எனக்கு அறிவு தெரிந்த காலத்தில் அந்தப் படம் சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை மண்ணிறம். நடுவில் மட்டும் வெளிறிய வெள்ளையாக ஏதோ நீளமாக நிற்கும். அதுதான் மாதா. முக்காடு போட்டு, கடல்மேல் நிற்கிறா என்று சொல்வார்கள். முன்னால் எப்போதும் மெழுகுதிரி எரியும்.

பாய்மாதா என்ற பெயருக்கு ஏற்ற நேர்த்திக்கடனும் இருந்தது. கடலுக்குப் போன ஆள் திரும்ப நேரம் சென்றால், அந்த வீட்டுப் பெண் ஒரு புதுப் பாயைக் கொண்டுபோய் படத்துக்கு முன்னால் விரித்துவிட்டு வருவாள். போனவன் வந்தால் நேரே ஸ்ரெல்லா வீட்டுக்கு வந்து அந்தப் பாயில் ஒரு நித்திரை கொண்டு எழும்ப வேண்டும். பிறகுதான் சொந்த வீடு. முந்தி புற்பாய் வந்தது, இப்போது பிளாஸ்டிக் பாய். ஆள் வராவிட்டால் அந்தப் பாயை ஸ்ரெல்லாதான் சுருட்டுவாள். வேறு ஆரும் தொடக்கூடாது. சுருட்டிய பாய்களை அவள் கூரை வளையில் செருகி வைத்திருக்கிறாள். அவற்றை நான் எண்ணியதில்லை.

எனக்கும் ஒருமுறை என் அம்மா அங்கே பாய் விரித்தவ. எஞ்சின் நின்று, கடல் என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் வள்ளத்தின் பலகையைக் கழற்றித் துடுப்பாக்கி வலித்துக் கரைக்கு வந்தேன். மாதா கொண்டுவந்தவ என்று அம்மா சொன்னா. என் உள்ளங்கைத் தோல் வேறு கதை சொன்னது.

சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது எல்லாரும் சட்டி பானையைத் தூக்கினார்கள். ஸ்ரெல்லா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு புற்பாய்க்குள் வைத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தாள். திரும்பி வந்து விரித்தபோது படம் நெடுக வெடித்திருந்தது. அதே சட்டத்தில் அறைந்து, அதே ஆணியில் கொழுவினாள். பெண்கள் திரும்பவும் வரத் தொடங்கினார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு காலை, வாடிக்கு வந்தவள் மடியிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினாள். உள்ளே குச்சி இல்லை. மண்ணிறச் செதில்கள் கிடந்தன.

"என்ன மீனின்ரை செதில் உது?" என்று கேட்டேன்.

"மாதாவின்ரை, அண்ணை."

நான் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

"காலமை கூட்டேக்கை பாயிலை கிடந்தது. நேற்றும் கிடந்தது. பின்பக்கம் சட்டத்தைக் கறையான் தின்னுது. இப்பிடியே போனால் ஒருநாள் அவவைக் கூட்டி அள்ளிக் குப்பையிலை கொட்ட வேண்டியதுதான்."

"பசை போட்டு ஒட்டுவம். ஐஸ் கொம்பனிக் குழாய் ஒட்டுற பசை இருக்கு. யானை இழுத்தாலும் வராது."

"நீங்கள் ஒட்டினால் மாதா ஐஸ் பெட்டி மாதிரித்தான் நிப்பா." இறால் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு குந்தினாள். இரண்டு இறாலைத் தெரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். "அவ இருக்கிறபடியால்தான் என்ரை வாசலை நாலு பேர் மிதிக்கினம். அவ போனால் ஆர் அண்ணை வரப்போகினம்? என்னைப் பாக்கவோ?"

அவள் சொன்னது சரி. பாய் கொண்டு வருகிறவர்கள் இருந்து கதைப்பார்கள், அழுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், ஆள் வந்த பிறகு மீன்குழம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளுக்கு இருந்த சனம் அதுதான்.

ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. என்னுடைய திருநெல்வேலி வீட்டின் மேல்மாடியில் பிரதீபா என்று ஒரு பிள்ளை இருந்தா. ஊர் உடுப்பிட்டி. கம்பஸில் சித்திரம் படிப்பிக்கிறவ. பழைய படங்களைத் துப்புரவாக்கிப் பழுது பார்க்கிற படிப்பை இந்தியாவில் போய்ப் படித்தவ என்று அந்த வீட்டில் இருக்கிற ஆட்கள் சொல்லியிருந்தார்கள். இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்பதை நான் அன்றுவரை நம்பவில்லை. கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிரதீபா டோர்ச் அடித்துப் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தா, பின்னால் பார்த்தா, கண்ணில் ஒரு கண்ணாடியை வைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தா.

"அம்மா, மூலையிலை ஒரு சின்ன இடம் துடைச்சுப் பாக்கட்டோ?"

"பார் பிள்ளை."

ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றினா. மருந்து எடுப்பா என்று பார்த்தால், பஞ்சை வாய்க்குள் வைத்து எடுத்துப் படத்தில் தேய்த்தா.

ஸ்ரெல்லா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துவிட்டாள். "சேசுவே! எச்சிலாலையோ!"

"ஓம் அம்மா. முதல் எச்சிலாலைதான் துடைச்சுப் பாக்கிறது. மருந்தைவிட அது மெதுவா வேலை செய்யும், நிறத்தை அரிக்காது. எல்லா நாட்டிலையும் இப்பிடித்தான் செய்யினம்."

"எல்லா நாடும் செய்யட்டும். மாதாவுக்கோ?"

"இவ்வளவு படிச்சுப்போட்டுத் துப்பவோ வந்தனீர்?" என்று நானும் கேட்டேன்.

"துப்பேல்லை ஐயா. துடைக்கிறன்." பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஞ்சு கரியாக வந்தது. ஒன்றை எறிந்து இன்னொன்றைச் சுற்றினா. மூலையில் விரல்நக அளவு இடத்தில் நீலம் தெரிந்தது. மெய்யான நீலம், சோழகக் காற்றுத் தொடங்க முதல் வானம் இருக்கிற நீலம். ஸ்ரெல்லா நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

பிரதீபா பஞ்சைக் கீழே வைத்தா. "அம்மா, ஒண்டு சொல்லவேணும். இது சாமிப் படம் இல்லை. ஒரு துறைமுகமும் கப்பல்களும். இருநூறு வருசத்துக்குக் கிட்ட இருக்கும், வெள்ளைக்காரன் ஒருத்தன் கீறினது. மெழுகுதிரிப் புகையும் பழைய வார்னிசும் மூடிக் கிடக்கு. நடுவிலை வெள்ளையாத் தெரியிறது மாதா எண்டு நான் நினைக்கேல்லை. அது பாய்."

"ஓம். பாய்மாதாதானே," என்றாள் ஸ்ரெல்லா.

"படுக்கிற பாய் இல்லை அம்மா. கப்பல் பாய்."

நான் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன். சின்ன வயதில் பாய் வள்ளத்தில் கயிறு இழுத்து வளர்ந்த கை இது. காற்றில் ஏற்றுகிறதற்கும் பாய் என்றுதான் பெயர் என்று எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. எஞ்சின் வந்த பிறகு குருநகரில் பாய் என்றால் விரித்துப் படுப்பது மட்டும்தான். எங்கள் முன்னோர் கப்பல் பாயைப் பாய் என்று சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள், பின்னால் வந்த சனம் படுக்கிற பாயைச் சுமந்துகொண்டு போய் விரித்திருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றும் எனக்கு அது பிடிபடவில்லை. உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவரின் பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது.

பிரதீபா இரண்டு வழி சொன்னா. இப்படியே விட்டால் அடுத்த மாரி ஈரத்துக்குப் படம் பெரும்பாலும் கொட்டிவிடும். கறையான் சட்டத்தை மாற்றி, பின்னால் புதுத் துணி ஒட்டி, வெடிப்பு மூடி, துடைத்து எடுத்தால் இன்னும் நூறு வருடம் நிற்கும். ஆனால் துடைத்தால் உள்ளே இருப்பதுதான் தெரியும்.

ஸ்ரெல்லா யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "அவவை விட்டிட்டு, சுத்தி உள்ளதை மட்டும் துடைக்கேலாதோ?"

பிரதீபாவுக்கு மனம் இல்லை. என்றாலும் ஏலும் என்றா. "ஆனால் அவ எங்கை தொடங்கிறா, எங்கை முடியிறா எண்டு நீங்கள்தான் காட்டித் தரவேணும். எனக்குத் தெரியேல்லை."

அடுத்த சனிக்கிழமை பிரதீபா ஒரு கண்ணாடிப் பொலித்தீன் தாளைப் படத்தின்மேல் கட்டி, அதில் மாதாவைக் கீறிக் காட்டச் சொல்லி ஒரு மார்க்கர் பேனையை நீட்டினா. ஸ்ரெல்லா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டிருந்தாள். ஒருத்தியாகத் தீர்மானிக்க அவளுக்குப் பயமாக்கும் என்று நான் நினைத்தேன்.

முதலில் எதிர்வீட்டு லவீனா பேனையை வாங்கினாள். கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள். குரலும் உண்டு, அதைவிடக் கூடக் கருத்தும் உண்டு. தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் புடைக்க விட்டாள். "இதிலை பாலன். இடக்கையிலை வைச்சிருக்கிறா."

"பாலனோ? எந்தப் பாலன்?" என்றாள் பாலேஸ்வரி. அவள் நெல்லியடிச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவள், சைவக்காரி. தன் மகனுக்காக அவளும் இங்கே பாய் விரித்திருக்கிறாள். "அது தூக்கின கையெல்லோ. எங்கடை அம்மன் நிக்கிற மாதிரி, பயப்பிடாதை எண்டு வலக்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிக்கிறா."

"மாதாவுக்கு வலக்கை உங்கை இல்லை. உங்கை முக்காடு."

"முக்காட்டுக்கு விரல் முளைக்குமோ?"

"அக்கா, உங்களுக்கு வெள்ளெழுத்து."

"எனக்கு வெள்ளெழுத்து எண்டால் உமக்குக் கறுப்பெழுத்தோ?"

இன்னொருத்தி பாதம் மேகத்தில் இருக்கிறது என்றாள். வேறொருத்தி பாதமே இல்லை, மாதா முழங்கால்வரைக்கும் தண்ணீரில் நிற்கிறா என்றாள். பொலித்தீன் தாளில் கோட்டுக்குமேல் கோடாக நண்டு ஓடிய மணல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் லவீனா பேனையைப் பிடுங்கி ஸ்ரெல்லாவின் கையில் வைத்தாள்.

"கீறுங்கோ அக்கா. விளக்கேத்தி வைச்சிருந்தது நீங்கள். உங்களுக்குத் தெரியாததே?"

ஸ்ரெல்லா பேனையோடு படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கை உயர்ந்தது. நுனி தாளைத் தொடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தேத்தண்ணி வைக்கவேணும்," என்று சொல்லிப் பேனையை மூடினாள். "இண்டைக்குக் காணும். எல்லாரும் போட்டு வாங்கோ."

தேத்தண்ணிக்கு என்று சொல்லிவிட்டு வந்த சனத்தை அவள் அனுப்பியதை அன்றுதான் கண்டேன். நானும் பிரதீபாவும் மட்டும் நின்றோம். அவள் குசினிக்குப் போகவில்லை. கதிரையில் இருந்தாள்.

"எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லை, அண்ணை."

"என்ன தெரிஞ்சதில்லை?"

"அவ. மாதா. கலியாணம் முடிஞ்சு வந்த அண்டைக்கு மாமி விளக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, தெரியுதே மோளே எண்டு கேட்டவ. எனக்கு மண்ணிறமும் ஒரு வெள்ளை அழுக்கும்தான் தெரிஞ்சுது. புது மருமகள் என்ன சொல்லுறது? ஓம் மாமி எண்டன். பிறகு வந்த பெட்டையளுக்கெல்லாம் நான்தான் கையை நீட்டி, அங்கை நிக்கிறா பார் எண்டு காட்டினன். எல்லாருக்கும் தெரிஞ்சுது. காட்டின எனக்குத்தான் தெரியேல்லை."

மாமி என்று அவள் சொன்னது மதலேனம்மாவை. கடும் மனிசி. அவ கேட்டால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிரதீபா மெதுவாகக் கேட்டா. "அப்ப என்ன செய்வம் அம்மா?"

"துடை பிள்ளை. முழுக்கத் துடை."

"யோசிச்சுச் சொல்லு," என்றேன் நான். "கப்பல் தெரிஞ்சால் ஒருத்தரும் பாயோடை வராயினம். நீதானே ஆர் வருவினம் எண்டு அழுதனி."

"அழுதனான்தான். வராட்டில் இருந்து அழுறன். ஆனால் இவ்வளவு காலமும் நான் எதைக் காட்டினனான் எண்டு ஒருக்காவாதல் பாக்கவேணும்."

புதுச் சட்டத்துக்கு நல்ல தேக்கு நான் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தச் சட்டத்தைப் பார்த்தால் ஆருடைய மரம் என்று தெரியும்.

சனிக்கிழமைகளில் பிரதீபா ஸ்கூட்டியில் வருவா. விறாந்தையில் மேசை போட்டு, படத்தைப் படுக்கவைத்து வேலை செய்வா. எச்சில் கதை பரவிவிட்டது. லவீனா விறாந்தைப் பக்கம் வருவதை விட்டாள். "எச்சில் பட்ட படத்துக்கு முன்னாலை என்னெண்டு செபிக்கிறது?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டாளாம். அதற்கு ஸ்ரெல்லா, "உன்ரை பிள்ளையின்ரை கன்னத்தை நீ எதாலை துடைச்சனி?" என்று கேட்டனுப்பினாள். இருந்தாலும் பெண்கள் வருவது குறைந்தது. புகையை எச்சில் எடுத்த பிறகு வார்னிசுக்கு மருந்து வந்தது. வீடு முழுக்க ஸ்பிரிட் மணந்தது. நானும் இடைக்கிடை போய்ப் பார்ப்பேன். வேலை செய்கிறவர்களை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வேலை நடக்கும், அது என் அனுபவம்.

முடிந்த அன்று படத்தைப் பழைய ஆணிக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்துக் கொழுவினோம்.

காலை நேரத்துத் துறைமுகம். தூரத்தில் ஒரு மலை, அதன்மேல் சின்னக் கோட்டை. யாழ்ப்பாணத்தில் எங்கே மலை? ஆகவே எங்கள் ஊர் இல்லை. திருகோணமலை என்று சிலர் சொல்கிறார்கள், நான் சத்தியம் பண்ணமாட்டேன். பிரதீபாவும் பண்ணமாட்டேன் என்றா. தண்ணீர் கண்ணாடி மாதிரி. மூன்று கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. கரையில் தலைப்பாகை கட்டிய ஆட்கள் ஒரு தோணியிலிருந்து பீப்பா இறக்குகிறார்கள், ஒருவன் மட்டும் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நடுக் கப்பலில், மழையில் நனைந்த பாயைக் காய விட்டிருக்கிறார்கள். காற்று இல்லை. மேல் மரத்திலிருந்து அது அப்படியே நேர் கீழே தொங்குகிறது. வெயில் விழுந்து வெள்ளை வெளேரென்று.

பெண்கள் எல்லாரும் அன்று வந்தார்கள்.

"மாதா எங்கை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கப்பல்," என்றாள் லவீனா. "கலண்டர் அடிக்க நல்ல படம்."

பாலேஸ்வரி கிட்டப் போய் வலப்பக்கத்தைப் பார்த்தாள். அவளுடைய தூக்கின கை ஒரு கயிறாகப் போயிருந்தது. திரும்பி வந்தாள்.

ஸ்ரெல்லா மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி நடுக் கப்பலைக் காட்டினாள்.

"உங்கை நிக்கிறா."

"எங்கை?"

"உங்கை. முக்காட்டைத் தாழவிட்டுக்கொண்டு. பார், தலையைக் கொஞ்சம் சரிச்சிருக்கிறா."

பெண்கள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பாய். பிரதீபாவின் முகத்தைப் பார்த்தேன், அவவுக்கும் பாய்தான் தெரிந்தது. முந்தி எல்லாருக்கும் தெரிந்து இவளுக்குத் தெரியவில்லை. இப்போது இவளுக்குத் தெரிந்து மற்ற எல்லாருக்கும் இல்லாமல் போனது.

"ஸ்ரெல்லாக்காவுக்கு வயசு போட்டுது," என்று லவீனா படலையில் வைத்துச் சொன்னது உள்ளே கேட்டது. ஸ்ரெல்லா மெழுகுதிரியை ஏற்றினாள். புகை படாமல் தூரத்தில் வைக்கச் சொல்லிப் பிரதீபா ஒரு இடம் காட்டிக் கொடுத்திருந்தா, அங்கேதான் வைத்தாள்.

அதற்குப் பிறகு வாசல் வெறித்தது. கச்சான் காற்றுக் காலம், போட்டுகள் நேரம் சென்று வந்த நாட்கள் இருந்தன, ஆனால் பாய் வரவில்லை. சிலர் நேரே கோவிலுக்குப் போனார்கள். ஸ்ரெல்லா வாடிக்கு முந்தியைவிட நேரத்தோடு வந்து, முந்தியைவிடப் பிந்திப் போனாள். நான் கேட்கவில்லை. நான் முதலே சொன்னவன், சொன்னவன் கேட்கக்கூடாது.

இந்த ஆனி மாதத்தில் றெஜியின் போட் திரும்பவில்லை. றெஜி சொந்தமாக ஒரு பைபர் போட் வைத்துத் தொழில் செய்கிற இளந்தாரி. அவன் மனைவி ஜெயனி வங்காலையிலிருந்து அண்மையில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். காலை வரவேண்டியவன் மத்தியானம் ஆகியும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. நான் என் பெரிய போட்டுக்கு எண்ணெய் அடித்து, நெடுந்தீவுப் பக்கம் தேடச் சொல்லி அனுப்பிவிட்டு, விஷயத்தைச் சொல்ல ஸ்ரெல்லா வீட்டுக்குப் போனேன். றெஜி ஜெறோமுக்குப் பெறாமகன் முறை.

நான் போகும்போது ஜெயனி அங்கே நின்றாள். கையில் பிளாஸ்டிக் பாய், கடைத்தாள்கூடக் கழற்றவில்லை. ஆரோ கிழவி பழைய கதையைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பழைய மண்ணிறப் படத்தை அவள் கண்டதே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் கப்பல்.

"மாமி, அவ எங்கை?"

ஸ்ரெல்லா எழும்பி வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். "நடுவிலை. அந்த வெள்ளை."

ஜெயனி பார்த்தாள். சுவரையும் ஸ்ரெல்லாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்த இடத்தில் பொய் சொல்வதா, மெய் சொன்னால் பலிக்காமல் போய்விடுமா என்று அவள் தடுமாறுகிறாள் என்பது எனக்கே விளங்கியது.

"எனக்குத் தெரியேல்லை, மாமி," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஸ்ரெல்லா பாயைச் சுற்றியிருந்த தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"தெரியாட்டில் என்ன? நான் இந்த வீட்டுக்கு வந்து கிழவியாகுமட்டும் எனக்குந்தான் தெரியேல்லை. அதுக்காண்டி கடலுக்குப் போனவங்கள் வராமல் விட்டவங்களே? அழாமல் அந்தத் தொங்கலைப் பிடி. விரிப்பம்."

இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து விரித்தார்கள். மடிப்பு எழும்பிக்கொண்டு நின்றது. ஸ்ரெல்லா காலால் மிதித்துச் சமப்படுத்தினாள். பிறகு ஜெயனியைக் கதிரையில் இருத்தி, இந்தமுறை மெய்யாகவே தேத்தண்ணி வைக்கப் போனாள்.

பொழுதுபட முதல் என் போட் றெஜியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய், நெடுந்தீவுக்கு மேற்கே மிதந்திருக்கிறான். கண்டுபிடித்தது என் ஓட்டி, இழுத்தது என் எஞ்சின். இழுக்கும்போது என்னுடைய புதுக் கயிறு அறுந்து இரண்டாகப் போனது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜெயனி அவனைக் கரையிலிருந்தே கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரெல்லா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். உப்புப் படிந்த உடம்போடு அவன் அந்தப் பாயில் சரிந்தான், சரிந்தபடியே நித்திரை. எட்டிப் பார்த்த சனத்தில் லவீனாவும் நின்றாள்.

"நான் சட்டம் கறையான் பிடிக்காமல் கிடக்கோ எண்டு பாக்க வந்தனான்," என்றாள்.

"பார். கிட்டப் போய்ப் பார்," என்றாள் ஸ்ரெல்லா. "பொடியனை மிதிச்சுப் போடாதை."

லவீனா பாயைச் சுற்றிக்கொண்டு படத்தின் கிட்டப் போனாள். சட்டத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. இடப்பக்கம், முந்தித் தான் பாலனைக் கீறிய இடத்தில் முகத்தை வைத்துத் தேடிக்கொண்டு நின்றாள். வரும்போது, மழை வரமுதல் தன்னுடைய மனிசனும் ஆழத்துக்குப் போகவேண்டியிருக்கிறது, சந்தையில் புற்பாய் இப்போது வருகிறதா என்று ஸ்ரெல்லாவைக் கேட்டாள். பிளாஸ்டிக் பாயும் காணும் என்று ஸ்ரெல்லா சொன்னாள்.

நான் றெஜியோடு அந்தக் கயிற்றைப் பற்றிக் கதைக்க வந்திருந்தேன். அவன் எழும்புகிற சிலமன் இல்லை. எழுப்பக்கூடாது என்று ஸ்ரெல்லா வாயில் விரலை வைத்துக் காட்டி, ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். இருந்தேன். போட்ட இடம் படத்துக்கு நேரே. அவன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான், வேறு வேலை இல்லை, ஆகவே அந்த நடுக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்தான். நல்ல தடித்த துணி. தைத்தவன் வேலை தெரிந்தவன். தலை சரிந்திருக்கிறது என்று அவள் சொன்ன இடத்தில், மேல் மரத்தில் ஒரு கட்டு அவிழ்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

றெஜி எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.